நிரஞ்சனியின் காது

சசிகரன் மாஸ்டருக்கு வவுனியாவுக்கு இடமாற்றம் வந்துவிட்டது என்ற செய்தி கோயில் வளவுக்குள் பரவியபோது, எல்லோரும் அவருக்காகக் கவலைப்பட்டார்கள். நிரஞ்சனி ஒருத்திதான் தனக்காகக் கவலைப்பட்டாள்.

மாத்தளைக்குப் பக்கத்தில், உக்குவளையில் ரயில் பாதைக்கு மேல்பக்கமாக ஏறிப்போனால் வரும் சின்ன மாதா கோயில் அது. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்கு டவுனில் கந்தோர்களில் உத்தியோகம் பார்க்கிற குடும்பங்கள் வரும். சுற்றியிருக்கிற தேயிலைத் தோட்டங்களிலிருந்து நடந்தும் ஆட்கள் வருவார்கள். முன்னெல்லாம் இந்த இரண்டு தரப்பும் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு விதமாகப் பாடிக்கொண்டிருந்தன. அவர்களைக் கூட்டிவைத்து ஒரு பாடகர் குழுவாக ஆக்கியவர் சசிகரன் மாஸ்டர். யாழ்ப்பாணத்தில் சங்கீதம் படித்துப் பட்டம் வாங்கியவர். இங்கே அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் சங்கீத ஆசிரியர். முழுக்கைச் சட்டையோடு முன்னால் வந்து நின்று இரண்டு கைகளையும் அவர் உயர்த்தினால், கடைசி வரிசை வாங்கில் அழுகிற குழந்தைகூட ஒரு கணம் நிறுத்திவிட்டுப் பார்க்கும்.

அவருக்குப் பக்கவாட்டில், தூண் மறைவில் உட்கார்ந்து கீபோர்ட் வாசிப்பவள் நிரஞ்சனி. வயது முப்பதைத் தாண்டிக்கொண்டிருந்தது. பகலில் ஸ்டேஷன் ரோட்டில் உள்ள ஒரு பாமசியில் மருந்து எடுத்துக்கொடுக்கிற வேலை. தோட்டத்தில் பிறந்து, கன்னியாஸ்திரிகளின் விடுதியில் தங்கிப் படித்தவள். அந்த விடுதியில் ஒரு பழைய ஆர்மோனியம் இருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கேட்ட பாட்டைத் தேடித் தேடி விரல் தானாகப் பழகிக்கொண்டது. சுரம் எழுதிய தாளைக் கொடுத்தால் ஒன்றும் விளங்காது. டொக்டர்மாரின் கிறுக்கலையெல்லாம் மூச்சுவிடாமல் வாசிக்கிறவளுக்கு, ச-ரி-க-ம என்று அழகாக எழுதிய தாள் மட்டும் எறும்பு ஊர்ந்த தடம் மாதிரித் தெரியும். அதைப் பற்றி அவளுக்கு ஒரு கூச்சம் எப்போதும் உண்டு. மாஸ்டர் தாளைப் பிரித்து வைக்கும்போதெல்லாம் வாசிப்பதுபோலத் தலையை ஆட்டிக்கொள்வாள். பிறகு, அவர் ஒருதரம் பாடிக்காட்டியதும் அப்படியே விரலில் எடுத்துவிடுவாள்.

அப்படிப்பட்டவளைத்தான் கோயில் பங்குத்தந்தை பாதர் நிக்சன் கூப்பிட்டு, "இனி நீதான் கொயரைப் பார்த்துக்கொள்ள வேணும்" என்றார்.

"ஐயோ பாதர், நம்மளால ஏலாதுங்க."

"வேற யார் இருக்கினம், சொல்லு?"

அவளுக்குச் சொல்ல ஒரு பெயரும் வரவில்லை. ஆனால் வேறு யாருமில்லை என்பதற்காக ஒருத்தியைப் பிடித்துவைப்பது குருவி தலையில் பனங்காயை வைப்பது என்பது மட்டும் தெரிந்தது. அதிலும் வஹகோட்டைத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வருடமும் அங்கே திருவிழாவின் ஒன்பது நவநாட்களில் ஒரு நாள் தமிழ்ப் பூசைக்கு இவர்களுடைய குழுதான் போய்ப் பாடும். வஹகோட்டை அந்தோனியார் என்றால் மாத்தளைப் பக்கம் சைவம், கிறிஸ்தவம், சிங்களம், தமிழ் என்று பார்க்காமல் எல்லோரும் நேர்த்தி வைக்கிற இடம். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் அவள் போய் நிற்க வேண்டும்.

"வேற ஆள் கிடைக்கும் மட்டும்," என்றார் பாதர்.

"சரிங்க பாதர். ஆள் கிடைக்கும் மட்டும்."

சசிகரன் மாஸ்டர் சாமான்களை லொறியில் ஏற்றிவிட்டுக் கடைசியாகக் கோயிலுக்கு வந்தார். நல்ல மனிதர். அவளைத் தைரியப்படுத்த வேண்டும் என்றுதான் அதைச் சொன்னார்: "நிரஞ்சனி, ஒண்டுக்கும் பயப்பிடாதையும். நான் என்னென்ன செய்தனானோ அதை அப்பிடியே செய்யும். ஒரு பிழையும் வராது."

அவள் அதைத் தாயத்து மாதிரி இடுப்பில் முடிந்துகொண்டாள்.

அடுத்த ஒத்திகைக்குக் கீபோர்ட்டைத் தூண் மறைவில் அப்படியே மூடிவைத்துவிட்டு, மாஸ்டர் நிற்கிற இடத்தில் போய் நின்றாள். மாஸ்டர் மாதிரியே தொண்டையைச் செருமினாள். மாஸ்டர் மாதிரியே இரண்டு கைகளையும் உயர்த்தினாள். கை மேலே போன பிறகுதான், அடுத்து அதை என்ன செய்வது என்று தெரியவில்லை என்பது அவளுக்கே விளங்கியது.

பாட்டு ஒரு மாதிரித் தொடங்கியது. ஆண்கள் பக்கம் இழுத்துக்கொண்டு பின்னால் வந்தது. பெண்கள் பக்கம் முந்திக்கொண்டு ஓடியது. தபேலா வாசிக்கிற டிலக்சன் — நிரஞ்சனியின் கூடப்பிறந்த அண்ணன், ஓட்டோ ஓட்டுகிறவன் — யாரோடு போவது என்று தெரியாமல் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்தான். பாப்பம்மா அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள், பெரிய குரல்காரி, மனசில் கள்ளமில்லாதவள். அவள் சிரித்தது கேலிக்காக அல்ல, அடக்க முடியாமல்தான். ஆனால் நிரஞ்சனிக்கு முகம் கன்றிப்போனது.

அதற்குப் பிறகு அவள் மாஸ்டர் மாதிரியே கோபித்துப் பார்த்தாள். அவர் கோபித்தால் எல்லோரும் நிமிர்ந்து நிற்பார்கள். இவள் கோபித்தபோது குரல் நடுங்கி, அழப்போகிறாளோ என்று எல்லோரும் பதறிப்போனார்கள். மாஸ்டர் சொல்கிற பகிடியைச் சொல்லிப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. பகிடி முடிந்தது அவர்களுக்குத் தெரியவில்லை.

ஒத்திகைக்கு வருகிற ஆட்கள் குறையத் தொடங்கினார்கள். ஒருத்தியின் பிள்ளைக்குச் சுகமில்லை, இன்னொருத்தருக்கு வேலை முடியப் பிந்துகிறது. எல்லாம் நம்பக்கூடிய காரணங்கள்தான். ஆனாலும் மாஸ்டர் இருந்த காலத்தில் பிள்ளைகளுக்குச் சுகமில்லாமல் போகவில்லையா என்ன?

ஒரு சனிக்கிழமை, ஒத்திகை முடிந்து கீபோர்ட்டை உறையில் போட்டுக்கொண்டிருந்தபோது, வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்த யாரோ சொன்னது யன்னல் வழியாக உள்ளே வந்தது.

"என்னா செய்யிறது, ஆலையில்லாத ஊருக்கு இலுப்பப்பூ சக்கர."

சொன்னவளும் சிரிக்கவில்லை, கேட்டவளும் சிரிக்கவில்லை. அலுப்பில் சொன்ன பேச்சு. அதுதான் நிரஞ்சனியை அதிகம் சுட்டது. உறையின் ஜிப்பை இழுக்க மறந்துபோனாள்.

வீட்டுக்குப் போகும்போது ஓட்டோவின் பின்சீற்றில் கீபோர்ட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அண்ணே, நாளைக்குப் பூச முடிய பாதர்கிட்ட சொல்லிறப் போறேன். நம்ம கொயரு இந்த வருசம் வஹகோட்டைக்கு வரலன்னு."

டிலக்சன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். எதையும் பகிடியாக்குகிறவன், அன்று ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வாய் சும்மா இருக்குமா? மறுநாள் காலையில் ஓட்டோவில் ஏறிய ஆளிடமெல்லாம் சொல்லிவிட்டான்போல. ஞாயிறு பூசைக்குப் பாதர் வேறு இடத்துக்குப் போயிருந்தார், வேறு ஒரு பாதர்தான் பூசை வைத்தார். ஆகவே நிரஞ்சனியால் சொல்ல முடியவில்லை. திங்கட்கிழமை அவள் பாமசியில் நிற்கும்போது, சாம்பவி அக்கா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

சாம்பவி நீர்ப்பாசனக் கந்தோர் இன்ஜினியரின் மனைவி. யாழ்ப்பாணத்தில் சின்ன வயதிலேயே முறையாகப் பாட்டுப் படித்தவள். குழுவில் தனியாகப் பாடுகிற வரிகளெல்லாம் அவளுடையவை. நிரஞ்சனிக்கு அவளைக் கண்டால் மரியாதையும் கொஞ்சம் பயமும். நன்றாகப் பாடத் தெரிந்தவர்கள் எல்லோரும் தன்னுடைய பிழைகளை உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருப்பார்கள் என்பது அவள் நினைப்பு.

சாம்பவி வழக்கமான தைரொயிட் குளிசைக்கான மருந்துச் சீட்டை நீட்டினாள். நிரஞ்சனி மருந்தை எடுத்து உறையில் போடத் தொடங்கினாள்.

"பாதரிட்ட ஏலாதெண்டு சொல்லப் போறீராம். உண்மையோ?"

"அண்ணன் சொல்லிருச்சா?"

"அவர் உக்குவளைக்கே சொல்லிப்போட்டார்." சாம்பவி கண்ணாடி மேசையில் கையை ஊன்றிக்கொண்டாள். "நான் உம்மோட ஒரு விசயம் கதைக்கோணும். கனநாளாச் சொல்ல வேணுமெண்டு இருந்தனான். எனக்குக் கழுத்தில ஒப்பரேஷன் செய்தது தெரியும்தானே."

"தெரியுங்க அக்கா."

"அதுக்குப் பிறகு என்ரை குரல் மேல போகாது. வீட்டில பாடிப் பாத்தால் தொண்டை இறுகிப் பிடிக்கும். ஆனா கோயிலுக்கு வந்து பாடேக்க ஒரு கரைச்சலும் இல்லை. சுகமாப் போகும். மாதா கோயிலுக்குள்ள மட்டும் குரலைத் திருப்பித் தாறா எண்டு நினைச்சன். என்ரை மனுசனிட்டையும் அப்பிடித்தான் சொன்னனான். புதுமை நடக்குதெண்டு!"

நிரஞ்சனியின் கை குளிசை உறையோடு நின்றுவிட்டது.

"பேந்து ஒருநாள் கோயில்ல ஃபோன்ல பதிஞ்ச பாட்டைப் போட்டுச் சுருதி பிடிச்சுப் பாத்தன். மாஸ்டர் தந்த சுருதியில இருந்து ரெண்டு கட்டை கீழ நிக்குது. ஆர் இறக்கினது, மாதாவோ?"

நிரஞ்சனிக்குத் திருட்டைப் பிடித்ததுபோல் இருந்தது. "அக்கா, கோவிச்சுக்காதீங்க. வேணுமின்னு செய்யலங்க. நீங்க மேல போறப்ப எனக்கே தொண்ட வலிக்கிற மாதிரி இருந்துச்சு. அதான் ஒவ்வொரு கெழமையும் கொஞ்சம் கொஞ்சமா எறக்கிட்டேன். கீபோர்ட்ல அதுக்குன்னு பட்டன் இருக்குங்க. மாஸ்டருக்கும் சொல்லல."

"கோவிக்கவோ வந்தனான்?" சாம்பவியின் கண் கலங்கியிருந்தது. "நான் பாட்டை விடுறதெண்டு முடிவெடுத்திருந்தனான். விடாமல் பிடிச்சு வைச்சிருந்தது நீர். அதுக்கு நன்றி சொல்ல இவ்வளவு நாள் பிந்திப்போனன். அதுதான் வெக்கமாக் கிடக்கு."

காய்ச்சலுக்குப் பெனடோல் கார்ட் ஒன்று கேட்டு ஒரு ஆள் வந்தார். நிரஞ்சனி அவருக்குக் கொடுத்து, சில்லறை கொடுத்து அனுப்பினாள்.

"மாஸ்டர் நல்ல வாத்தியார்," என்றாள் சாம்பவி பிறகு. "அதில ஒரு குறையுமில்லை. ஆனா நாங்கள் அவரின்ரை கையைப் பாத்துக்கொண்டோ பாடினாங்கள்? எனக்கு அவரின்ரை கை எந்தப் பக்கம் போனதெண்டே தெரியாது. உம்மட கீபோர்ட்டைக் கேட்டுக்கொண்டுதான் நிண்டனாங்கள். இப்ப நீர் அதை மூடி வைச்சுப்போட்டு வெறுங்கையை ஆட்டுறீர். நாங்கள் என்னத்தைக் கேட்டுப் பாடுறது?"

குளிசையை வாங்கிக்கொண்டு சாம்பவி போய்விட்டாள். மழை தூறத் தொடங்கியது. ஸ்டேஷனில் கண்டிப் பக்கம் போகிற ரயில் வந்து நிற்கிற சத்தம். எஞ்சின் வழக்கத்தைவிட அன்று கொஞ்சம் கனத்த சுருதியில் உறுமுவதாக நிரஞ்சனிக்குப் பட்டது. அப்படிப் பட்டதும் அவளுக்கே சிரிப்பு வந்தது. வேறு யாருக்காவது ரயில் எஞ்சினின் சுருதி இறங்கியது தெரியுமா?

அன்று மத்தியானம் ஆளில்லாத நேரத்தில் அவள் யோசித்துப் பார்த்தாள். இத்தனை நாளும் தனக்குத் தெரியாததையே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். சுரம் வாசிக்கத் தெரியாது, கை அசைக்கத் தெரியாது, அதட்டத் தெரியாது. தெரிந்தது என்று ஒன்றை அவள் எண்ணியதே இல்லை. ஏனென்றால் அது அவளுக்கு வேலையாகவே தெரிந்ததில்லை. பாப்பம்மா அக்காவுக்கு வரி முடியுமுன்பே மூச்சு முடிந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். அந்த இடத்தில் கீபோர்ட்டை ஒரு நூல் இழுத்துப் பிடிப்பாள். அண்ணனுக்குச் சந்தோஷம் வந்தால் தாளம் ஓடும், அப்போது இடது கையைக் கொஞ்சம் கனமாக வைப்பாள். ஆண்கள் பக்கம் இழுப்பது சோம்பலால் அல்ல, அவர்களுக்குத் தொடங்குகிற சுரம் சரியாகக் காதில் விழுவதில்லை. இதெல்லாம் எப்போது படித்தாள்? படிக்கவில்லை. மூச்சு விடுவதுபோல நடந்துகொண்டிருந்தது. மூச்சு விடத் தெரியும் என்று யாராவது பெருமைப்படுவார்களா?

ஆனால் அது இல்லாமல் சாம்பவி அக்கா பாட்டை விட்டிருப்பாள்.

பாதரிடம் சொல்லப் போகவில்லை. அடுத்த ஒத்திகைக்கு அண்ணனைக் கூட்டிக்கொண்டு முன்னேரத்தோடு போய், கீபோர்ட்டைத் தூண் மறைவிலிருந்து இழுத்து நடுவில் வைத்தாள். வாங்குகளை அதைச் சுற்றிப் பிறைபோலப் போட்டாள். வந்தவர்கள் எங்கே நிற்பது என்று தெரியாமல் முழித்தார்கள்.

அவள் எழுந்து நிற்கவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னாள்: "எல்லாரும் மன்னிச்சிக்கோங்க. மாஸ்டர் மாதிரி செஞ்சு பாத்தேன், வரல. எனக்கு சுரம் வாசிக்கவும் தெரியாது. இவ்வளவு நாளும் தெரிஞ்ச மாதிரி தலைய ஆட்டிக்கிட்டுதான் இருந்தேன்."

"அது எங்களுக்குத் தெரியும் தங்கச்சி," என்றார் ஆண்கள் பக்கமிருந்து ஒருவர். "நீ சுரம் எழுதின தாளைத் தலகீழா வச்சிட்டு வாசிச்சத நான் ஒருக்கா பாத்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நிரஞ்சனியும் சிரித்தாள். அன்று சொல்லிப் பார்த்த பகிடிக்கு வராத சிரிப்பு இப்போது தானாக வந்தது.

"எனக்குக் கேக்க மட்டுந்தான் தெரியும். நீங்க பாடுங்க. நான் கேக்குறேன்."

அவர்கள் பாடினார்கள். அவள் கேட்டாள். ஒருதரம் முழுப் பாட்டையும் கீபோர்ட்டைத் தொடாமல், கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு எழுந்து போய்ப் பாப்பம்மாவின் கையைப் பிடித்து, "அக்கா, நீங்க இங்க வாங்க," என்று ஆண்கள் பக்கத்து ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"என்னாடி, ஆம்பளைங்களோட நிக்க வைக்கிற?"

"ஒங்க கொரலு கீழதான் அழகா இருக்கு. மேல கத்தாதீங்க. இவங்களோட சேந்து கீழயே பாடுங்க. எவ்வளவு சத்தமா வேணுமின்னாலும் பாடுங்க."

பாப்பம்மா நம்பாமல் பார்த்தாள். இந்தக் குழுவில் சேர்ந்த நாள்முதல் அவள் கேட்டதெல்லாம் "சத்தத்தைக் குறையுங்கோ" என்ற ஒன்றுதான். மாஸ்டர் மரியாதையாகத்தான் சொல்வார். ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் பாதித் தொண்டையைப் பூட்டிவைத்துக்கொண்டுதான் அவள் பாடினாள்.

அன்று பூட்டைத் திறந்துவிட்டாள். மண்ணுக்குள்ளிருந்து வருகிறது மாதிரி ஒரு குரல். பக்கத்தில் நின்ற ஆண்களுக்குத் தொடங்குகிற சுரம் இப்போது காதிலேயே வந்து நின்றது. இழுப்பு நின்றது. பாட்டுக்கு ஓர் அத்திவாரம் கிடைத்ததுபோல இருந்தது. அதன்மேல் சாம்பவியின் குரல் அலுங்காமல் ஏறி உட்கார்ந்தது.

பாட்டு முடிந்தது. பாப்பம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ பாடுவோமா?" என்றாள். சின்னப்பிள்ளை கேட்பது மாதிரி இருந்தது.

பிள்ளைகளுக்குச் சுகம் வந்தது. வேலைகள் நேரத்தோடு முடிந்தன. வாங்குகள் மறுபடி நிறைந்தன. அவள் ஒருவரையும் அதட்டவில்லை. பிழை வந்தால், பிழை எங்கே என்று தேடுவதை விட்டு, அந்த ஆளுக்கு எது சுகமாக வருகிறது என்று தேடினாள்.

ஆனால் பயம் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய். திருவிழாவுக்குப் போகிற நாள் காலையில், வாடகைக்கு எடுத்த பஸ் மாத்தளையைக் கடந்து பலாபத்வெலப் பக்கம் திரும்பும்போது அவள் வாந்தியெடுக்கிற நிலையில் இருந்தாள். சாம்பவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து மணக்கிற ஒரு தேசிக்காயைக் கையில் கொடுத்தாள். நிரஞ்சனி அதை முகர்ந்துகொண்டே போனாள்.

வஹகோட்டையில் சனம் சனமாக நின்றது. மிட்டாய்க் கடைகள், மெழுகுதிரிக் கடைகள், பிள்ளைகளைத் தோளில் தூக்கியவர்கள். கோயில் நிறைந்து, முற்றம் நிறைந்து, மர நிழல்களெல்லாம் நிறைந்திருந்தன. வெளியே நிற்பவர்களுக்குக் கேட்கச் சுற்றிவர சவுண்ட் பொக்ஸ் கட்டியிருந்தார்கள். தோட்டங்களிலிருந்து லொறிகளில் வந்தவர்கள் விடியற்காலை தொடங்கி வழியெல்லாம் அந்தோனியார் பாட்டைப் பாடிக்கொண்டே வந்திருந்தார்கள்.

பூசை தொடங்கியது. வருகைப் பாடல் நன்றாகப் போனது. காணிக்கைப் பாடலுக்கு அவள் பதற்றத்தில் வேறு பாட்டின் தொடக்கத்தை வாசித்துவிட்டாள். டிலக்சன் இருமினான். நிறுத்தி, திரும்பத் தொடங்கினாள். வானம் இடிந்து விழவில்லை. பாதர் நிக்சன் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே லேசாகச் சிரித்தமாதிரி இருந்தது.

நற்கருணைக்குப் பிறகு நன்றிப் பாடல். அதற்கு அந்தோனியார் பாட்டைத்தான் வைத்திருந்தார்கள். மாஸ்டர் அதை விறுவிறுப்பாக, ஓட்டமாக அமைத்துத் தந்திருந்தார், அப்படியே பழகியிருந்தார்கள். கீபோர்ட் முன்னிசை முடிந்தது, குழு எடுத்தது. முதல் வரி முடிவதற்குள் வெளியே முற்றத்திலிருந்து சனமும் எடுத்தது.

சனம் எடுத்தது வேறு சுருதியில். கீழே, நன்றாகக் கீழே. வேறு நடையில், மலையேறுகிறவர்கள் அடியெடுத்து வைப்பதுபோல நிறுத்தி நிறுத்தி. காலை முழுக்க அவர்கள் வாயில் இருந்த பாட்டு அது, யார் முன்னிசை வாசித்தாலும் மாறுவதாக இல்லை. உள்ளே ஒரு பாட்டு ஓடியது, வெளியே ஒரு பாட்டு நடந்தது. இரண்டும் வாசலில் வந்து முட்டிக்கொண்டன. கோயிலுக்குள் நின்றவர்கள் எதைப் பாடுவது என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டார்கள். குழு முழுவதும் நிரஞ்சனியைப் பார்த்தது.

சவுண்ட்காரர் மைக் சத்தத்தைக் கூட்டட்டுமா என்று கையால் கேட்டார். அதுதான் சரியான வழி என்று ஒரு கணம் அவளுக்கும் பட்டது. சத்தத்தைக் கூட்டி, வேகமாக அடித்து, சனத்தை இழுத்துக்கொண்டு வரலாம். மாஸ்டராக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பார். அவருடைய கைக்கு அந்த வலு இருந்தது.

அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். கீபோர்ட்டிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துவிட்டாள்.

குழு திகைத்து நின்றுபோனது. டிலக்சனின் கை தபேலாவுக்கு மேலே நின்றது. உள்ளே அமைதி. வெளியிலிருந்து வருகிற பாட்டு மட்டும் தனியாக வந்தது. நிரஞ்சனி கேட்டாள். ஆயிரம் வாய் பாடினாலும் அதற்கு ஒரு நடுக்குரல் இருக்கும். அவள் அதைத் தேடினாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாடுகிற தாய்மார், சாரத்தை மடித்துக் கட்டிய ஆண்கள், காலை முழுக்கப் பாடிக் கரகரத்த தொண்டைகள். எல்லாம் எங்கே வந்து உட்கார்கின்றன என்று காது போய்த் தொட்டுப் பார்த்தது. கிடைத்தது. ஒரு விரலால் மெல்ல அந்தச் சுரத்தை அழுத்தினாள். சரி. கீழே ஒன்று சேர்த்தாள். அண்ணனைப் பார்த்துத் தலையை மெதுவாக ஆட்டினாள். டிலக்சன் புரிந்துகொண்டான். தபேலா அந்த நடைக்கு இறங்கி வந்தது.

முதலில் சேர்ந்துகொண்டது பாப்பம்மா. அது அவள் தோட்டத்தில் பாடுகிற நடை, அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிறகு ஆண்கள். பிறகு சாம்பவி, இந்த நடையைத் தன் வாழ்நாளில் பாடியிராதவள், கண்ணை மூடிக்கொண்டு ஓர் அடி பின்னால் நின்று பிடித்துக்கொண்டாள். உள்ளே இருந்தவர்கள் வாயைத் திறந்தார்கள். வாசலில் இருந்த முட்டு விலகியது. உள்ளும் வெளியும் ஒரே பாட்டாயின.

பாட்டு முடிந்தும் முடியவில்லை. கடைசி அடியைச் சனம் திரும்பத் திரும்ப எடுத்தது. யாருக்கும் விட மனமில்லை. பாதர் முடிவுச் செபத்துக்கு எழுந்தவர், மறுபடி உட்கார்ந்துகொண்டார். முற்றத்தில் கைகள் உயர்ந்தன, சிலர் அழுதார்கள். நிரஞ்சனி வாசித்துக்கொண்டே இருந்தாள். அவள் யாரையும் நடத்தவில்லை. அவர்கள் நடந்தார்கள், அவள் கூடப் போனாள். அப்படிக் கூடப் போவதுதான் தன்னுடைய வேலை என்று அப்போது அவளுக்கு விளங்கியது. அது சின்ன வேலையாகத் தெரியவில்லை.

பூசை முடிந்து வயர்களைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது, நெற்றியில் விபூதியோடு ஒரு அம்மா வந்து நின்றாள். பெயர் காத்தாயி என்றாள். லொறியில் வந்த கூட்டத்தில் ஒருத்தி.

"நாங்கதாம்மா வெளிய நின்னு பாடுனோம். நடுவுல ஒங்க மிசின் நின்னுருச்சு. ஐயோ, கோயில் பாட்டக் கெடுத்துட்டோமேன்னு பயந்து போனேன். அப்புறம் பாத்தா, எங்க பாட்டையே நீங்க எடுத்துக்கிட்டீங்க." அவள் நிரஞ்சனியின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நல்லா இருப்ப தாயி."

"நீங்க பாடுனதாலதான் அம்மா," என்றாள் நிரஞ்சனி. அது உபசாரத்துக்குச் சொன்னதல்ல.

ஆலமரத்துக்குக் கீழே சோற்றுப் பார்சல்களைப் பிரித்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, அவள் கொஞ்சம் தள்ளிப் போய்ச் சசிகரன் மாஸ்டருக்கு ஃபோன் எடுத்தாள்.

"மாஸ்டர், நீங்க சொன்ன மாதிரி செய்யலங்க," என்றாள் எடுத்த எடுப்பில்.

"என்ன நடந்தது?" அவர் பதறினார்.

நடந்ததைச் சொன்னாள். சாம்பவி அக்காவுக்காகச் சுருதி இறக்கியதையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். கோபிப்பாரோ என்று பார்த்தால், மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். "என்ரை காதுக்கே தெரியாமல் ரெண்டு கட்டையோ! பொல்லாத ஆள் நீர்."

"மாஸ்டர், நன்றி சொல்லத்தான் எடுத்தேன். அந்த எடத்துல என்ன ஒக்கார வச்சதே நீங்கதான். ஒங்க பக்கத்துல இருந்து எல்லாரையும் கேட்டதாலதான் இன்னைக்கி கேக்க முடிஞ்சிச்சு. நீங்க முன்னால நின்னதால எனக்குப் பயமில்லாம கேக்க எடம் இருந்துச்சு."

"நல்லாயிரும், நிரஞ்சனி," என்றார் அவர். குரல் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பாதர் நிக்சன் முன்சீற்றிலிருந்து திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "நிரஞ்சனி, மாத்தளைக்குப் புதுசா ஒரு சங்கீத டீச்சர் வந்திருக்கிறாவாம். நம்ம கோயில் பக்கம்தான் வீடு எடுக்கிறாவாம். நீ ஆள் கிடைக்கும் மட்டும் எண்டுதானே சொன்னாய். கேட்டுப் பார்க்கட்டோ?"

சாம்பவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாப்பம்மா பாதி தின்ற சோளத்தோடு பாதரை முறைத்தாள்.

"கேளுங்க பாதர்," என்றாள் நிரஞ்சனி. "வந்தா நல்லதுதானே. எனக்குத் தெரியாதது எத்தனையோ இருக்கு. அவங்க சொல்லித் தரட்டும்."

"அப்ப நீ?"

"நானும் இருப்பேங்க பாதர். நடுவுல."

முன்னாலிருந்து பாதர் ஏதோ சொன்னார். ஆனால் அதற்குள் பின்சீற்றில் பாப்பம்மா பாடத் தொடங்கிவிட்டாள், முழுத் தொண்டையையும் திறந்து. டிலக்சன் சீற்றின் முதுகில் தாளம் போட்டான். வெளியே மிளகுக் கொடி ஏறிய மரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. நிரஞ்சனி யன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குரலாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். யாருக்கும் எதுவும் திருத்த வேண்டியிருக்கவில்லை. தேவனே, இவர்களையெல்லாம் எனக்குத் தந்ததற்கு, என்று மனதுக்குள் தொடங்கினாள். வசனத்தை முடிக்கவில்லை. அண்ணன் தாளத்தில் ஓடத் தொடங்கியிருந்தான், சந்தோஷம் வந்துவிட்டது அவனுக்கு. ஓடட்டும் என்று விட்டுவிட்டாள்.